சோற்றுக்கு முன் ஒரு வார்த்தை

தையல்காரர் தங்கையாவின் செல்வாக்கு ஒரு கோட்டுப் பொத்தானில்தான் ஆரம்பித்தது. இதைச் சொன்னால் புலாவ் செபாங்கில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சமுதாயத் தொண்டு, சங்கப் பணி, மேடைப் பேச்சு என்று அவரே ஊருக்குள் வேறு கதை பரப்பி வைத்திருந்தார். நாளாக ஆக அதை அவரே நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்து ஓரிரு வருஷம் கழிந்திருந்த சமயம். மலாக்கா டவுனில் இந்தியர் சங்கத்தின் கூட்டம். கோலாலம்பூரிலிருந்து கவுன்சிலர் பரமானந்தம் வந்திருந்தார். வக்கீல். வெள்ளைக்கார அரசாங்கம் தன் சட்டசபையில் நியமித்து உட்கார வைத்திருந்த நம்மவர்களில் ஒருவர். வயிறு கொஞ்சம் முன்னால் நடக்கும் மனிதர் என்பதால், மேடையேறப் போகிற நேரத்தில் கோட்டின் நடுப் பொத்தான் தெறித்து ஓடிவிட்டது. வேடிக்கை பார்க்கப் போயிருந்த தங்கையா அதைப் பொறுக்கி எடுத்து, சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை உருவினார். போட்டிருக்கும்போதே தைத்துவிடுங்கள் என்றார் கவுன்சிலர். தங்கையா முடியவே முடியாது என்றுவிட்டார். உடம்பில் கிடக்கிற துணியைத் தைத்தால் தரித்திரம் பிடிக்கும், கழற்றித்தான் தீரவேண்டும் என்று அடம்பிடித்தார். அத்தனை பேர் பார்க்க கவுன்சிலர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன்னை எதிர்த்துப் பேச மலாக்காவில் ஓர் ஆளாவது இருக்கிறாரே என்று சிரித்தார்.

தங்கையா அந்தப் பெரிய மனிதரை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒரு பொத்தானுக்காக.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. அடுத்த கூட்டத்தில் கவுன்சிலர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்தவர்கள் புலாவ் செபாங் கிளைக்கு அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளர் ஆனதும், தோட்டங்களைக் காவல் காக்கும் சிறப்புப் போலீஸ்காரர்களுக்குக் காக்கி உடுப்புத் தைக்கும் வேலை அவர் கடைக்கு வந்தது. ரேஷன் ஆபீசில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். இவற்றில் ஒன்றையும் அவர் கவுன்சிலரிடம் கேட்டுப் பெறவில்லை. கேட்பார் என்று மற்றவர்கள் நினைத்த நினைப்பிலேயே காரியம் ஆயிற்று. தங்கையா மந்த புத்திக்காரர் அல்ல, சூட்சுமம் அவருக்குப் புரிந்துவிட்டது. கேட்காதவரைக்கும் கவுன்சிலர் இல்லை என்று சொல்லப்போவதில்லை. கேட்டு, அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டால், தோளில் விழுந்த கைக்கு மதிப்புப் போய்விடும். ஆகவே அவர் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. அதையே தன்மானம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இப்படி இருந்தவரிடம்தான் மங்களம் வந்து நின்றாள்.

மங்களம் கல்லுமலை ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரி. டவுனிலிருந்து கார் போகிற தூரத்தில், காட்டை ஒட்டி இருந்தது கல்லுமலை. அந்த வருஷங்களில் எல்லாத் தோட்டத்துக்கும் நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்திருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கி. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று, ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வேலைக்குப் போகிறவர்கள் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வாசலைக் கடக்கவேண்டும்.

மங்களத்தின் சின்ன மகளுக்குக் காய்ச்சல் கண்டு இறங்கவே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து கேட்கவில்லை. ரப்பர் மரங்களின் கடைசி நிரைக்குப் பின்னால், காடு தொடங்குகிற இடத்தில் முனியாண்டிக் கல் ஒன்று உண்டு. முன்பெல்லாம் மேளத்தோடு போய்ப் பொங்கல் வைப்பார்கள். சட்டம் வந்த பிறகு முனி பட்டினிதான். முனிக்குக் கோபம், அதனால்தான் பிள்ளைக்குச் சுடுகிறது என்று மங்களத்துக்குப் பட்டுவிட்டது. சோறாக்கி, கருவாடு சுட்டு, இலையில் கட்டினாள். வாசலில் நின்ற காவல்காரரும் நம் ஆள்தான், பிள்ளைகுட்டிக்காரர், அன்றைக்கு மட்டும் வாளியைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. அவள் புருஷன் சாமிக்கண்ணு அதைக் கொண்டுபோய்க் கல்லின் முன் விரித்து, ஒரு சுருட்டையும் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

ரோந்து வந்த வெள்ளைக்கார சார்ஜெண்டின் கண்ணில் இது பட்டது. காட்டோரத்தில் சோறு, கருவாடு, சுருட்டு. அவன் என்ன நினைப்பான்? காட்டுக்காரனுக்குச் சோறு போடுகிறவன் கல்லுக்குக் குங்குமம் வைத்துவிட்டா போடுவான் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்கு விஷயம் நன்றாகவே தெரியும். சாமிக்கண்ணு யூனியன்காரன், கூலி விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நின்றவன், ஆகவே கிராணி வாயை மூடிக்கொண்டார். அந்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்த சாமிக்கண்ணுவையும், பக்கத்து நிரையில் நின்ற மங்களத்தின் தம்பி நல்லமுத்துவையும் லாரியில் ஏற்றிக் கடலோரத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோர்ட் கிடையாது, விசாரணை கிடையாது. நல்லமுத்து இங்கே பிறந்தவன், அவனை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம். சாமிக்கண்ணு தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் வந்தவன். அவனைக் கப்பலேற்றி நாடு கடத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மங்களமோ கல்லுமலை லயன் வீட்டில் பிறந்தவள். கப்பலையே பார்த்ததில்லை.

அவள் தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று இத்தனையும் சொன்னபோது, பக்கத்து மளிகைக்கடை மீரா சாஹிப் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கையாவின் நெடுநாள் சிநேகிதர். அவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"அண்ணே, அது முனிக்கு வச்ச சோறு. நாந்தான் ஆக்குனேன். அத மட்டும் பெரியவங்க காதுல போட்டுடுங்க. வேற ஒண்ணும் வேணாம்," என்றாள்.

எவ்வளவு சின்னக் காரியம் பாருங்கள். பிச்சை கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. முனிக்கு வைத்த சோறு என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லும் வாய் மேலிடத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தங்கையாவுக்கு மனசு இளகிப்போயிற்று. அந்த மாதக் கடைசியில் கவுன்சிலர் கல்லுமலைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் நாட்ட வருகிறார், தன் பொறுப்பில்தான் எல்லாம், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் பக்குவமாகச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் அவர் பொய் சொல்லவில்லை. அதை அவருக்காக இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

கவுன்சிலர் காலை ரயிலில் வந்து இறங்கினார். மீரா சாஹிப்பின் ஆஸ்டின் காரைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். மீரா சாஹிப்பே ஓட்டினார். பின்சீட்டில் கவுன்சிலரும் தங்கையாவும் மட்டும். முன்னால் பாதுகாப்புக்கு ஒரு லாரி நிறையச் சிறப்புப் போலீஸ்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை முதுகிலும் தங்கையாவின் தையல்.

மழை, ரப்பர் விலை, ரயில் தாமதம் என்று பேச்சுப் போயிற்று. பிறகு கவுன்சிலர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"உங்க பக்கத்துல ஜனங்க எப்படி இருக்காங்க, மிஸ்டர் தங்கையா? மனக்கொறை ஏதாச்சும் உண்டா?"

"உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க."

யோசித்துச் சொன்னதல்ல அது, வாய் தானாகச் சொன்னது. வீட்டுக்கு வரும் விருந்தாளி சௌக்கியமா என்று கேட்டால் மூட்டு வலியையும் முதுகு வலியையுமா எடுத்து வைப்போம்? எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்போம். அவர் கை நனைத்து ஏப்பம் விட்ட பிறகுதான் நம் குறை. தங்கையாவின் அப்பா அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான்.

ஆனால் கவுன்சிலர் அதோடு விடவில்லை. முகத்தைத் திருப்பி இவரைப் பார்த்தார். கல்லுமலையில் யாரையோ பிடித்தார்களாமே, அதில் ஜனங்களுக்கு வருத்தம் கிருத்தம் உண்டா என்று இரண்டாம் தடவையாகக் கேட்டார்.

சொல்லவேண்டிய வாக்கியம் தங்கையாவின் நாக்கு நுனியில் இருந்தது. கண்ணோ முன்னால் போன லாரியில் இருந்தது. உள்ளே கிடப்பவனுக்குப் பரிந்து பேசினால் நாளைக்கு இவனும் அந்தப் பக்கத்து ஆளோ என்று ஒரு சந்தேகம் வரும். காக்கி மூட்டை வேறு கடைக்குப் போகும். ரேஷன் ஆபீஸ் நாற்காலி போகும். கேட்டு, கவுன்சிலர் இல்லை என்று தலையாட்டிவிட்டால் எல்லாமே போகும். இத்தனையும் ஒரு வளைவு திரும்புகிற நேரத்துக்குள் அவருக்குள் ஓடி முடிந்தது.

"அதெல்லாம் சாவகாசமா பேசிக்கலாங்க. மொதல்ல சாப்பாடு ஆகட்டும்," என்றார்.

கவுன்சிலர் தலையை ஆட்டிவிட்டுச் சீட்டில் சாய்ந்துகொண்டார். முன்சீட்டுக் கண்ணாடியில் மீரா சாஹிப்பின் கண்கள் ஒரு தடவை தங்கையாவைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பின.

தங்கையாவின் மனைவி அன்னம்மா முந்தின நாளே தோட்டத்துக்கு வந்து ஆட்டுக்கறியும் பாயசமுமாக ஆக்கி வைத்திருந்தாள். அடிக்கல் நாட்டியாயிற்று, மாலை போட்டாயிற்று, பேச்சும் முடிந்தது. இலை போடப்போகிற நேரத்தில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து ஆள் வந்தான். கவுன்சிலருக்கு அங்கே பகல் விருந்து, போலீஸ் ஆபீசரும் காத்திருக்கிறார். கவுன்சிலர் கையைக் கூப்பி எல்லோரிடமும் வருத்தம் சொல்லிவிட்டு, பங்களா காரிலேயே ஏறிப் போய்விட்டார். அப்படியே மலாக்காவுக்கும் போய்விட்டார். தங்கையாவைப் பங்களாவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

அன்று தங்கையா அந்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டார். அதுதான் பிற்பாடு நினைத்து நினைத்து அவருக்கு ஆறவில்லை. இலையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை வாங்கியும் சாப்பிட்டார்.

கை கழுவும் இடத்தில் மங்களம் காத்திருந்தாள். சொல்லிவிட்டீர்களா என்று கேட்கவில்லை, கண்ணால் பார்த்தாள். காதில் போட்டு வைத்திருப்பதாகத் தங்கையா சொன்னார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பெரியவர் கவனிப்பதாகச் சொன்னார் என்று ஒரு பிடி சேர்த்தும் சொன்னார். பக்கத்தில் மீரா சாஹிப் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பொய் சொன்னவனுக்கு அதை உண்மையாக்கிவிட ஒரு வழி இருந்தது. ரயிலேறிக் கோலாலம்பூர் போய்ச் சொல்லிவிடலாம். அடுத்த வாரம் போகிறேன் என்று நினைத்தார். காக்கி வேலை நெருக்கியது. அதற்கடுத்த வாரம் தீபாவளித் துணி. மீரா சாஹிப் பழையபடி வந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். கார் விஷயத்தை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று தங்கையாவுக்கு இருந்தது. மெஷினை மிதிக்கும்போதெல்லாம் மொதல்ல சாப்பாடு ஆகட்டும், மொதல்ல சாப்பாடு ஆகட்டும் என்று அது சொல்வதுபோலக் கேட்கத் தொடங்கியது. மரியாதைக்காகத்தானே அப்படிச் சொன்னேன் என்று அவர் தனக்குத் தானே வாதாடுவார். மரியாதைக்காகவா, பயத்திலா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே துணியின் உள்பக்கமும் வெளிப்பக்கமுமாக இருந்தன.

தீபாவளி கழிந்துதான் போனார்.

கவுன்சிலரின் ஆபீஸ் மாடியில் இருந்தது. வராந்தாவில் காத்திருந்தவர்களைத் தாண்டி இவரை முதலில் கூப்பிட்டார். காப்பி வரவழைத்தார். தங்கையா இந்தத் தடவை காப்பியைத் தொடாமலே விஷயத்தைச் சொன்னார். சாமிக்கண்ணு, நல்லமுத்து, காய்ச்சல், முனி, சோறு என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சாமிக்கண்ணுவைக் குடும்பத்தோடு நாடு கடத்தும் உத்தரவில் போன வாரம் கையெழுத்தாகிவிட்டது என்றார். பிறகு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அன்றைக்குத் துரை பங்களாவில், சூப்பைக் குடித்துக்கொண்டே போலீஸ் ஆபீசர் கேட்டாராம், இந்த ஆள் விஷயத்தில் உங்கள் சமூகம் ஏதாவது நினைக்கிறதா என்று. மறுவாரம் சட்டசபையில் ஒரு மசோதா வரவிருந்தது. அதை நம்மவர்கள் எதிர்க்காமல் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. அந்த வாரம் எதைக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும்.

"நான் என்ன சொல்லட்டும் சொல்லுங்க? நீங்க கார்ல சொன்னதைத்தான் சொன்னேன். நோ கம்ப்ளெயிண்ட்ஸ்னு. அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க."

"இப்ப ஏதாச்சும்..." என்றார் தங்கையா.

"அன்னிக்கு அது சும்மா கிடைச்சிருக்கும். இன்னிக்குக் கையெழுத்தானதைத் திருப்பணும்னா ஹை கமிஷனர்கிட்ட நான் போய் நிக்கணும். நின்னா, பதிலுக்கு அவங்க ஒண்ணு கேப்பாங்க. பள்ளிக்கூட விஷயம் கையில இருக்கு. அதை விட்டுக்கொடுத்து ஒரு ஆளை மீட்க முடியாது, மிஸ்டர் தங்கையா."

அவர் கெட்டவரில்லை. சொல்லும்போது அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. தங்கையாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பெரிய மனிதரும் யாரோ ஒருவருடைய காரின் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் யாரோ ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்கிறார்கள், அவரும் ஒரு குறையும் இல்லை என்கிறார். கல்லுமலையிலிருந்து மேலே போகப் போக அந்த ஒரு வாக்கியம் இங்கிலீஷாகி, எழுத்தாகி, கையெழுத்தாகி, ஒரு குடும்பத்தைக் கப்பலில் ஏற்றிவிட்டது. முதலில் சொன்ன வாய் தன்னுடையது.

வாசல்வரை வந்து வழியனுப்பினார் கவுன்சிலர். அடுத்த மாதம் புலாவ் செபாங் வருவதாகவும், இந்தத் தடவை கட்டாயம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவதாகவும் சொன்னார். மற்றவர்களைப் போலக் காரில் ஏறியதும் கையை நீட்டாதவர் நீங்கள், அதனால்தான் உங்களை எனக்குப் பிடிக்கிறது என்று தோளில் கை போட்டார். அந்தக் கையை உதறவும் தங்கையாவுக்குத் துணிச்சல் இல்லை.

சாமிக்கண்ணுவை முகாமிலிருந்து நேரே துறைமுகத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மங்களமும் இரண்டு பிள்ளைகளும் புலாவ் செபாங்கில் ரயிலேறவேண்டும், கூட ஒரு கான்ஸ்டபிள். ஸ்டேஷனுக்குப் போகாமல் தப்பிக்கத்தான் தங்கையா பார்த்தார். வயிற்று வலி என்று படுத்தார். வழியனுப்பக்கூட வராவிட்டால் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று அன்னம்மாதான் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள். அன்னம்மாவுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது.

பிளாட்பாரம் நிறையக் கல்லுமலை ஆட்கள். மீரா சாஹிப் தன் காரில் மங்களத்தையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவள் கையில் ஒரு துணி மூட்டை, அக்குளில் கால் கட்டிய ஒரு சேவல். தங்கையாவைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அண்ணன் சொல்லப் போய்த்தான் எங்களையும் அவரோட சேத்து அனுப்புறாங்க. இல்லாட்டி அவரு எங்கேயோ, நாங்க எங்கேயோ," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் ஒண்ணும் செய்யலம்மா," என்றார் தங்கையா.

உண்மையைத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். இவ்வளவு செய்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்கிறாரே, பெரிய மனிதர் என்றால் இவரல்லவா என்று ஒரு கிழவி நெற்றிப் பொட்டில் விரல்களை நெரித்துத் திருஷ்டி கழித்தாள். மீரா சாஹிப் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கையாவால் தாங்க முடியவில்லை. மங்களத்தை எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டிப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கூட்டம் இல்லை.

"மங்களம், நெசமாத்தான் சொல்றேன். உன் புருஷனப் பத்தி நான் வாயே தொறக்கல. கார்ல அவரே கேட்டாரு, ரெண்டு தடவ கேட்டாரு. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன். பயந்துட்டேன். உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய்."

அவள் அவரையே பார்த்தாள். கை சேவலை இறுக்கியதில் அது இறக்கையை அடித்தது. அவள் அறைவாள் என்று தங்கையா நினைத்தார். அறையட்டும் என்றே நின்றார். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரயிலின் சத்தம் கேட்டது.

"எம் புள்ளைக்குக் காச்ச எறங்கணும்னு ஒரு கை சோறு வச்சேன்," என்றாள் கடைசியில். "புள்ளைக்கு எறங்கிருச்சு. நாந்தான் சோறாக்கி அவர ஜெயிலுக்கு அனுப்பிட்டேன்னு இத்தன நாளும் தல தலயா அடிச்சுக்கிட்டேன்."

தன்னுடைய பங்கையும் சேர்த்து அவள் சுமந்திருக்கிறாள் என்பது தங்கையாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பிக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இத இவங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நல்லமுத்து இன்னும் உள்ளதான் இருக்கான். அவனுக்காகப் போய்க் கேக்க எங்களுக்கு உங்கள விட்டா வேற யாரு இருக்கா?"

சேவலை அவர் கையில் கொடுத்தாள்.

"அவரு வெளிய வந்தா அறுக்கறதா முனிக்கு நேந்துக்கிட்டது. கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். அந்தப் பெரியவரு மறுபடி வர்றப்ப இதையே கொழம்பு வச்சுப் போடுங்க. ஆனா கேட்டுட்டுப் போடுங்கண்ணே."

ரயில் வந்தது. கான்ஸ்டபிள் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினான். மங்களம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோருக்கும் கை காட்டினாள். தங்கையா இருந்த பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை. வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகு, தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தங்கையாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கருப்பாயி என்ற கிழவி, தன் மகனின் விஷயமும் ஒன்று இருக்கிறது, கடைப் பக்கம் வந்து சொல்கிறேன் என்றாள். கையில் சேவல் இருந்ததால் அவரால் பதிலுக்குக் கும்பிடவும் முடியவில்லை.

மீரா சாஹிப் காரின் பின்கதவைத் திறந்துவிட்டு நின்றார். தங்கையா ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது கவுன்சிலர் உட்கார்ந்திருந்த பக்கம் என்று கவனித்தார். நகர்ந்து தன் பழைய இடத்துக்கு வந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. சேவலை மடியில் வைத்துக்கொண்டார்.

கார் கிளம்பிற்று. பிறகு மீரா சாஹிப் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு நானும் கேட்டுக்கிட்டுத்தான் வண்டி ஓட்டுனேன், செகரட்டரி. திரும்பி ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். டிரைவருக்கு என்ன வேலைன்னு கம்முனு இருந்துட்டேன்."

தங்கையா, கவுன்சிலர் உட்கார்ந்திருந்த அந்தக் காலிச் சீட்டைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"ஐயா, கல்லுமலையில நல்லமுத்துன்னு ஒருத்தன் இருக்கான்..." என்று ஆரம்பித்தார். மடியில் இருந்த சேவலுக்குத்தான் அது கேட்டிருக்கும்.

"சத்தமா சொல்லுங்க லா," என்றார் மீரா சாஹிப். "முன்சீட்டுக்கே கேக்கல."

தங்கையா சேவலின் கால்கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.